அக்கா மாற்றி எடுத்த சீட்டு

எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனால் அந்த எழுபதுகளில் தமிழ் எம்.ஏ. படிக்கிறேன் என்கிற திமிரும் கூடச் சேர்ந்திருந்தது. திருவள்ளூரிலிருந்து தினம் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் கற்றதை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சண்டை போடுவேன். "இவள எவன் கட்டிக்கினு போவான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா மட்டும் சிரிப்பாள். என் பேச்சைக் கேட்டு ரசித்துச் சிரிக்கிறவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்தச் சிரிப்பு நின்றுபோன வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவர்கள். இருந்த தெருவோ பெருமாள் கோயிலுக்குப் பின்னால். பக்கத்து வீட்டு மாமியின் வீட்டுக்காரர் கோயில் கைங்கரியம் செய்கிறவர். எங்கள் ஆலயத்தைக் 'கோயில்' என்றும் சபைப் போதகரை 'ஐயர்' என்றும்தான் நாங்கள் சொல்வோம், எங்கள் பக்கத்துச் சபைகளில் அப்படித்தான் வழக்கம். மாமிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. "ஏண்டி, உங்காத்துக்கு இன்னிக்கு ஐயர் வராராமே, மீன் கொழம்பா?" என்பாள். அமாவாசைக்கு அமாவாசை நோய் தீர வேண்டும் என்று குளத்தில் வெல்லம் கரைக்க ஊர் ஊராக ஜனம் வந்து தெருவில் நெரியும். அக்காவின் குழந்தைக்கு நெஞ்சில் ஓட்டை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, யாரும் கேட்காமலே மாமி போய் அதன் பேரில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். எங்கள் அம்மாவும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அக்காவைக் கட்டியவர், எங்கள் மாமா, முதலில் காக்களூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பியபோது அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். ஒரே பெண் குழந்தை. ஓடினால் உதடு நீலமாகிவிடும், அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதிகாரம் பண்ணும். என்னை 'சின்னம்மா' என்று கூப்பிடாது, 'டீச்சர்' என்று கூப்பிடும். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. என் குரலைக் கேட்டுவிட்டு அதுவே முடிவு பண்ணிக்கொண்டது.

புது வருஷ ஆராதனைக்கு அவர்கள் எப்போதும் திருவள்ளூருக்கு வந்துவிடுவார்கள். எங்கள் சபைகளில் அன்றைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆராதனை முடிந்ததும் ஐயர் வாசலில் தட்டோடு நிற்பார். தட்டு நிறைய, பூப்படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரே ஒரு வரி. கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருஷம் முழுக்க நமக்கென்று ஆண்டவர் சொன்ன வார்த்தை. அதற்கு வாக்குத்தத்தம் என்று பேர். "இது கிளி ஜோசியம்மா, கிளிக்குப் பதிலா நாம கொத்துறோம்" என்று நான் ஒரு தரம் சொல்லி, கோயில் வாசலிலேயே அம்மா கையால் முதுகில் வாங்கினேன்.

மற்ற சபைகளில் தட்டில் இருப்பது பூராவும் நல்ல வரியாகத்தான் இருக்குமாம். ஆசீர்வாதம், சமாதானம், நீடித்த ஆயுசு. எங்கள் ஐயர் அப்படிப்பட்டவர் இல்லை. "வேதம் இன்னா மிட்டாய்க் கடையா, இனிப்பா மட்டும் பொறுக்கி எடுக்கறதுக்கு?" என்று கண்டிப்பு, எச்சரிப்பு, ஒப்பாரி எல்லாவற்றையும் கலந்து போட்டுவிடுவார். அதனால் ஜனங்கள் எடுத்த கையோடு திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். நன்றாயில்லை என்றால் கூட்டத்தோடு கூட்டமாக அதைத் தட்டில் செருகிவிட்டு வேறொன்றை உருவிக்கொள்வார்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கணக்குப் பார்த்தால் அந்தச் சபையில் முதல் சீட்டோடு வீடு போனவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேராகத்தான் இருப்பார்கள்.

அந்த வருஷம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதற்காக அக்கா எடுத்த சீட்டில் நீடித்த ஆயுசைத் தருவதாக ஒரு வரி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மாமா நாலு பேர் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டி போனதும் சமையல் மேடைக்கு மேலே அதை ஆணியடித்து மாட்டினாளாம்.

ஐப்பசி அடைமழையில் குழந்தை போய்விட்டது.

அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, மாமா குவளையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார், அது போதும். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்தார்கள். ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூ பறித்துக்கொண்டார் என்றார்கள். பூவாம் பூ! அவர் தோட்டத்தில் பூவுக்கா பஞ்சம், எங்கள் வீட்டில் வந்து பறிப்பதற்கு? வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்தேன். அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வரவில்லை. புது வருஷத்துக்கும் வரவில்லை. பொங்கலெல்லாம் முடிந்து ஒரு நாள் மாமா மட்டும் வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"பேஜாராக்கீது யம்மா," என்றார் என்னிடம். "ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. கோயிலுக்கு வான்னா எந்திரிச்சி உள்ள போயிடறா. திருவிருந்துல அப்பம் வாங்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியத இல்லன்றா. கொழந்தயும் போயி, இவளும் போயிட்டா நான் இன்னா பண்றது? நீ படிச்ச பொண்ணு. இன்னாத்தயாவது பேசி அவள சாப்புட வையி."

அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த நாளே காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரவிக்கை நழுவித் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள். நான் வழக்கம்போலச் சத்தம் போட்டேன். இப்படி இருந்தால் நீயும் செத்துப்போவாய், அப்புறம் மாமா யாரைப் பார்த்து உயிரோடு இருப்பார், இது இன்னா நியாயம் என்றெல்லாம் கத்தினேன். அவள் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"நான் சீட்ட மாத்தி எடுத்தேன்டி."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். புது வருஷத்தன்று முதலில் எடுத்த அட்டையில், கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டார், அவர் பேருக்கு மகிமை என்கிற மாதிரி ஒரு வரி இருந்ததாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் படித்தவள் கையோடு அட்டையைக் கவிழ்த்தாள். அதைத் தட்டுக்குள்ளேயே செருகிவிட்டு வேறொன்றை உருவினாள். நீடித்த ஆயுசு வந்தது.

"அவரு முதல்லயே சொல்லிட்டாரு. நான் அவரு சொன்னத அவரு மூஞ்சியிலயே திருப்பிக் குடுத்துட்டு, எனக்குப் புடிச்சத எடுத்துக்கினேன். அதான் பாப்பாவ வாங்கிட்டாரு."

ஊரே செய்கிற காரியம். ஊரில் ஒருத்தருக்கும் அதற்காக ஒரு தலைவலிகூட வந்ததில்லை. என் அக்காவுக்கு மட்டும் அது கொலைப்பழியாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் மேல் இல்லை, அந்தத் தட்டின் மேல். ஆனால் கூடவே ஒரு தைரியமும் வந்தது, ஏனென்றால் இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பழைய அகப்பாட்டை எடுத்தால் பொருள் சொல்வதற்கு முன்னாலேயே கேட்பார்கள்: இது யார் கூற்று? யாரிடம் சொல்கிறாள்? என்ன நேரத்தில்? தலைவி சொல்வதைத் தோழி சொன்னதாக வைத்துக்கொண்டால் பாட்டே தலைகீழாகிவிடும். பேசுகிறவர் யாரென்று தெரியாமல் வரிக்குப் பொருள் இல்லை. இதைத்தான் அக்காவிடம் எடுத்து வைத்தேன்.

"அக்கா, நீ மொதல்ல எடுத்த வரி ஆண்டவரு சொன்னதே இல்ல. புள்ளைங்க எல்லாத்தயும் ஒரே நாளுல பறிகுடுத்த மனுஷன் ஒருத்தன் சொன்னது. அவன் துக்கத்துல அவன் பொலம்பறான். அது தீர்ப்பு இல்ல, ஒப்பாரி. அதப் போயி கத்திரியால வெட்டி, பூப்படம் போட்ட அட்டையில அச்சடிச்சா அது ஆண்டவரு உனக்கு அனுப்பின தந்தியா ஆயிடுமா? நீ எதயும் திருப்பிக் குடுக்கல. உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவள் கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட.

"ரெண்டாவது எடுத்தது?"

"அதுவும் அப்படித்தான். அந்தக் காலத்து ராஜா ஒருத்தரப் பத்தின பாட்டு. நம்ம பாப்பாவப் பத்தி இல்ல."

"அப்போ அதுவும் எனக்குச் சொல்லல, இதுவும் எனக்குச் சொல்லல," என்றாள் அக்கா. "அவ்ளோ பெரிய பொஸ்தகத்துல எனக்குன்னு அவரு இன்னாதான்டி சொல்லிக்கீறாரு?"

நான் குனிந்து கீரைக் காம்பைக் கிள்ள ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் ஒரு சண்டையைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. பழியை எடுத்துப் போடுகிறேன் என்று அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டிருந்தது என் பாடம். தண்டிக்கிற ஆண்டவர் என்றாலும் அவள் பக்கம் திரும்பிப் பேசினவராக இருந்தார். நான் சொன்ன ஆண்டவரோ யார் யாரிடமோ பேசிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கும் அவள் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது அத்திப்பட்டு உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே ரயிலில் அழுதேன். எதிரே இருந்த அம்மாள், "இன்னாம்மா, பரிச்சையில கோட்ட உட்டுட்டியா?" என்று கேட்டார்.

அப்புறம் பல வாரம் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் பேராசிரியரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஐயரிடம் கேட்கப் பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நாட்கள் வந்தன. பெரிய வெள்ளியன்று மத்தியானம் எங்கள் கோயிலில் மூன்று மணி நேரம் மும்மணித் தியானம் நடக்கும். ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்குப் பெரிய போட்டி. என்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்கிற நாலாவது வார்த்தையை மட்டும் எடுக்க ஆள் சிக்காது, அதை எப்படிச் சமாளிப்பதென்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் அதை ஐயர் என் தலையில் கட்டினார்.

"தமிழ் படிக்கிறியே, வந்து பேசு. வாய் சும்மாதானே இருக்கு," என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. ஒத்துக்கொண்டேன்.

பங்குனி உற்சவ நாட்கள் அவை. ஒரு சாயங்காலம் பெருமாள் புறப்பாடு எங்கள் தெரு வழியாக வந்தது. முன்னால் ஆண்கள் வரிசையாகப் பாசுரம் ஓதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர்கள் ஓதியது, ஒரு தாய் தன் மகளைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்புவதாக அமைந்த பாட்டு. பாடிய ஆழ்வார் ஆண். ஓதிப் போகிறவர்களும் ஆண்கள். வாசலில் நின்ற மாமி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பெண்ணைப் பிரசவத்தில் இழந்தவள் அவள்.

"மாமி, அது உங்களப் பத்தி இல்லயே," என்று கேட்டுவிட்டேன். அசட்டுக் கேள்வி. ஆனால் அப்போது எனக்கு அந்தக் கேள்விதான் உலகம்.

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை முறைத்தாள். "போடி, பைத்தியம்! பொண்ணைத் தொலைச்ச எல்லாரும் அழறதுக்குத்தான் பாடி வெச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஓதல் தெரு முனை திரும்பும்வரை அங்கேயே நின்றேன். எனக்குத் தெரிந்த பாடம்தான், பாதியை மறந்திருக்கிறேன். அகப்பாட்டில் யாருக்கும் பேர் கிடையாது. தலைவி, தோழி, தாய், அவ்வளவுதான். பேர் வைக்காமல் விட்டதே, அந்த வலி வந்தவர்கள் வந்து அந்த இடத்தில் நின்றுகொள்ளத்தான். யார் கூற்று என்று கேட்பது வாசல் கதவைச் சாத்துவதற்கு இல்லை, எந்த இடத்தில் போய் நிற்பது என்று தெரிந்துகொள்வதற்கு. பிறகு அந்த நாலாவது வார்த்தையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சங்கதி ஒன்று அப்போதுதான் உறைத்தது. அது அவருடைய சொந்த வார்த்தையே இல்லை. அவருக்கு ரொம்பக் காலத்துக்கு முன்னால் யாரோ பாடி வைத்த ஒரு துயரப் பாட்டின் முதல் அடி. சாகப்போகிற நேரத்தில் அவருக்கும் அடுத்தவர் வரிதான் கிடைத்திருக்கிறது. அது யாருக்குச் சொன்னது, தனக்குப் பொருந்துமா என்று அவர் பார்க்கவில்லை. வலித்தது, எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதைத்தான் பேசினேன். முடிந்து வெளியே வரும்போது சபைப் பெரியவர் ஒருவர் என்னை மறித்து, "இன்னாம்மா நீ, ஆண்டவர நம்மள மாதிரி ஆக்கிட்டியே," என்றார். "அதுக்குத்தானேங்க வந்தாரு," என்றேன். ஐயர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கோ யார் என்ன சொன்னாலும் ஒன்றுதான். கேட்க வேண்டியவள் அந்தக் கோயிலில் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். மாமா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். அக்கா அடுப்பங்கரைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்ட இட்லி தொடாமல் காய்ந்து கிடந்தது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் நடத்துகிற குரலை விட்டுவிட்டு, மாமி அழுததையும் அந்தப் பழைய பாட்டையும் அது அவர் வாயில் வந்ததையும் சொன்னேன்.

"நீ மொதல்ல எடுத்த வரி புள்ளய எழந்தவன் வரின்னு சொன்னேன் பாரு. அது உனக்குச் சொன்னது இல்லன்னு சொன்னது தப்புக்கா. அது உன் வரிதான். ஆனா உன்னத் தண்டிக்க வந்தது இல்ல. உன்ன மாதிரி ஒருத்தன் உனக்கு முன்னாடியே அழுது வெச்சது. அவரும் அப்படித்தான் ஒருத்தன் அழுதத எடுத்துக்கினாரு."

வெளியே கம்பெனிச் சங்கு ஊதி அடங்கியது.

"ஏன் உட்டுட்டேன்னு கேட்டாரே," என்றாள். "பதில் வந்துச்சா?"

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கல்லறை திறந்ததை, எல்லாம் சரியாகிப்போனதை. சபையில் எல்லாரும் அவளிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள், அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"அன்னிக்கு வரல அக்கா," என்றேன். "கேட்டாரு. பதில் வராமலே செத்துப்போனாரு."

அவள் முகம் கோணியது. குழந்தையைப் புதைத்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, மிருகம் கத்துகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மெல்லக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் அக்காவைப் பிடித்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் காய்ந்த இட்லியை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

"நாளைக்குக் கோயிலுக்கு வரேன்," என்றாள். "பாட்டு கீட்டு பாடச் சொல்லாத. எனக்குப் பதில் ஒண்ணும் வாணாம்னு அவருகிட்ட சொல்லு. அவருக்கே வரல. ரெண்டு பேரும் பேசாம உக்காந்துக்கினு இருக்கறோம்."